டயரை முதலில் எடுங்கள், அலாயை அப்புறம் பார்க்கலாம்

கார் பகுதிக்கு இந்த மாதம் வந்த கேள்விகளைக் கொட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் அலாய் வீலும் டயரும்தான். எல்லாவற்றுக்கும் இடம் இல்லை, ஆறு மட்டும் எடுத்திருக்கிறேன். ஷா ஆலம் வாசகருக்கு முதல் இடம், ஏனென்றால் அவர் இன்னும் காசு கொடுக்கவில்லை, காப்பாற்றிவிடலாம்.

கேள்வி: அண்ணே, 2013 டொயோட்டா 86 வைத்திருக்கிறேன். இன்னும் கம்பெனி 17 இன்ச் ரிம்தான். தெரிந்தவர் ஒருவர் 18 இன்ச், 9.5 அகலம், ஆஃப்செட் பிளஸ் 22 ஸ்போர்ட் ரிம் நான்கு நல்ல விலைக்குத் தருகிறேன் என்கிறார். போட்டோவில் அட்டகாசமாக இருக்கிறது. வாரநாளில் வேலைக்குப் போய்வர, சில ஞாயிறு காலை கெந்திங் மலை ஏற, அவ்வளவுதான் என் ஓட்டம். வாங்கலாமா? (ஷா ஆலம், மலேசியா)

பதில்: வாங்காதீர்கள். போட்டோவை மூடிவைத்துவிட்டு ஒரு பேப்பரும் பென்சிலும் எடுங்கள்.

உங்கள் காரில் இப்போது இருப்பது 7 இன்ச் அகலம், ஆஃப்செட் பிளஸ் 48. ஆஃப்செட் ஒன்றும் மாயமில்லை. வீலின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு போட்டால், ஹப்பில் (காரில் வீலை மாட்டுகிற நடுப்பாகம்) போய் ஒட்டுகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தெருப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான். எண் பெரிதானால் வீல் காருக்குள் ஒடுங்கும், சிறிதானால் வெளியே பிதுங்கும். 7 இன்ச் என்பது 178 மில்லிமீட்டர், பாதி 89, அதில் 48 போனால் 41. அதாவது ஹப் முகத்திலிருந்து உங்கள் ரிம்மின் வெளிவிளிம்பு 41 மில்லிமீட்டரில் நிற்கிறது. நண்பர் தருவது 9.5 இன்ச், பாதி 121, அதில் 22 போனால் 99. வித்தியாசம் 58 மில்லிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் நீளத்தைவிட அதிகம், அதுவும் ஒவ்வொரு பக்கமும். உள்பக்கக் கணக்கையும் போட்டுப் பாருங்கள், ஷாக் அப்சார்பர் பக்கம் 6 மில்லிமீட்டர்தான் கூடுகிறது, மிச்சம் எல்லாம் வெளியேதான். ஃபெண்டரை உருட்டி வளைத்தாலும் போதாது. டயர் மட்கார்டுக்கு வெளியே தெரிந்தால் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) சோதனையில் நிற்க வேண்டியிருக்கும், வீல் பேரிங் சீக்கிரம் போகும், ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும்.

அதைவிடப் பெரிய சந்தேகம், அந்த ரிம் உங்கள் காரில் ஏறுமா என்பதே. சுபாருவோடு கூட்டாகச் செய்த கார் என்பதால் 86க்கு பிசிடி 5×100, அதாவது ஐந்து போல்ட் துளை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். 9.5 அகலம், பிளஸ் 22 மாதிரியான ரிம்கள் பெரும்பாலும் 5×114.3இல்தான் கிடைக்கும். அவரிடம் கேளுங்கள். "அடாப்டர் போட்டுக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

சரி, என்னதான் வாங்குவது? டயரிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் ரோட்டைத் தொடுவது அதுதான், ரிம் அதைத் தாங்கிப் பிடிக்கிற வளையம். உங்கள் காருக்குக் கம்பெனி மாட்டிக்கொடுத்தது மிஷலின் பிரைமசி எச்பி, 215/45 R17 (215 மில்லிமீட்டர் அகலம், அதில் 45 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 17 இன்ச் ரிம்). ஸ்போர்ட்ஸ் காருக்கு, பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற பிரியஸ் காரின் டயரா என்று அப்போது உலகமே கிண்டல் செய்தது. தலைமைப் பொறியாளர் டாடா டெட்சுயா (நம்ம டாடா இல்லை, ஜப்பான்காரர்) தெரிந்தேதான் அப்படிச் செய்தார். பிடிப்பு அளவாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே வண்டியின் பின்பக்கம் லேசாக அசையும், ஓட்டுகிறவருக்கு விளையாட்டு. இருநூறு குதிரைத்திறன் காரில் 245 அகலத்துக்கு ஒட்டுப்பசை மாதிரி டயர் போட்டால், வளைவில் வேகம் கூடும், சுவாரசியம் குறையும். இது என் கருத்து. லேப் டைம் பார்க்கிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

உங்கள் ஓட்டத்துக்கு 225/45 R17 போதும். சுற்றளவைச் சரிபார்க்கிற விதம் இது: 215இல் 45 சதவீதம் 96.75, இரண்டு பக்கமும் சேர்த்து 193.5, அதோடு 17 இன்ச்சின் 431.8. மொத்த விட்டம் 625 மில்லிமீட்டர். 225/45க்கு இதே கணக்கில் 634 வரும். ஒன்றரை சதவீதம்கூட ஏறவில்லை, ஸ்பீடோமீட்டர் கோபித்துக்கொள்ளாது. பக்கத்திலுள்ள லோடு எண்ணையும் பாருங்கள், கம்பெனி டயரில் 87 என்றிருக்கும், ஒரு டயருக்கு 545 கிலோ என்று அர்த்தம். அதற்குக் கீழே இறங்கக்கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் சாயங்கால மழை எப்படிக் கொட்டும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டயர் அகலமாக ஆக, அது ஒதுக்கித் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடுகிறது, தேங்கிய தண்ணீர்மேல் சீக்கிரம் மிதக்க ஆரம்பித்துவிடும். அதனால் டிரெட்டில் நல்ல ஆழமான கால்வாய் உள்ள டயராக எடுங்கள்.

அதற்கு ஏற்ற ரிம் 17 இன்ச், 8 அகலம், ஆஃப்செட் 40 முதல் 45 வரை. 45 என்றால் கம்பெனி ரிம்மைவிட வெளியே 16 மில்லிமீட்டர்தான் வரும், மட்கார்டைத் தாண்டாமல் நிற்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். எடையைக் கேட்டு வாங்குங்கள். என்கெய் ஆர்பிஎஃப்1 இந்த அளவில் 7 கிலோ சொச்சம், உங்கள் கம்பெனி ரிம் 9 கிலோவைத் தாண்டும். ஸ்பிரிங்குக்குக் கீழே, அதுவும் சுற்றுகிற பாகத்தில் குறைகிற எடை இது, மலை ஏறும்போது முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். 18 இன்ச்தான் வேண்டும் என்று மனது அடம் பிடித்தால் ஒரு விஷயம் சொல்கிறேன்: ஹோண்டா சிவிக் டைப் ஆர் முந்தைய தலைமுறையில் 20 இன்ச்சில் வந்தது, அடுத்த தலைமுறையில் ஹோண்டாவே 19க்கு இறங்கி டயரை 245இலிருந்து 265 ஆக்கியது. ரிம்மைப் பெரிதாக்குவதுதான் ஸ்போர்ட்ஸ் என்றால் அவர்கள் ஏன் இறங்கினார்கள்?

ரேஸ் டிஇ37 மாதிரி பேர் போன ரிம்களுக்கு நகல் நிறைய சுற்றுகிறது. அசல் ஃபோர்ஜ் செய்தது (அழுத்தி அடித்து உருவாக்கியது), நகல் அச்சில் ஊற்றியது, பெயின்ட் ஒன்றுதான். நகல் வாங்கியே தீருவேன் என்றால், ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரை இரண்டும் ரிம்மிலேயே வார்க்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். ஸ்டிக்கரில் இருந்தால் எண்ணிக்கையில் சேராது.

கடைசியாக நட்டு. மற்ற டொயோட்டாக்களுக்குப் பெரும்பாலும் 12×1.5 மரை, உங்கள் 86க்கு 12×1.25. கடைப் பையன் பழக்கதோஷத்தில் டொயோட்டா நட்டு எடுத்து ஏர் கன்னால் அடித்தால் ஸ்டட் மரை போய்விடும். முதல் நான்கைந்து சுற்றுக் கையால் சுழல வேண்டும், அப்புறம் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), 120 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒருமுறை மறுபடி பாருங்கள்.

கேள்வி: சார், என்னிடம் 2018 போலோ ஜிடி டிஎஸ்ஐ. வெளியே 16 இன்ச் அலாய் வாங்கிப் போட்டதிலிருந்து 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. பாலன்சிங் மூன்று தடவை, அலைன்மெண்ட் இரண்டு தடவை செய்தாயிற்று. டயரே கோளாறு, மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். (திருவான்மியூர், சென்னை)

பதில்: டயரை மாற்றாதீர்கள். வீலின் நடுவிலிருக்கும் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.

இதே வியாதி எனக்கும் வந்திருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்னால், இதே மாதிரி ஐந்து போல்ட் கார், ஒரு கடையில் ஆசைப்பட்டு அலாய் மாட்டினேன். ஈசிஆரில் 90ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் உதற ஆரம்பிக்கும், 110இல் அடங்கிவிடும். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் ஈயத்தை ஒட்டிக்கொண்டே இருந்தார், ஒரு வீலின் உள்பக்கம் பார்த்தால் பல் கட்டினது மாதிரி வரிசையாக இருந்தது. கடைசியில் வேறொரு மெக்கானிக் நடு மூடியைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே விட்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். தடங்கல் இல்லாமல் சுற்றி வந்தது.

கணக்கு சுலபம். ஃபோக்ஸ்வாகன் ஹப்பின் விட்டம் 57.1 மில்லிமீட்டர். வெளியே விற்கிற அலாய், எல்லாக் காருக்கும் பொருந்தட்டும் என்று நடுத்துளையை 73.1 வைத்துச் செய்கிறார்கள். சுற்றிலும் 8 மில்லிமீட்டர் இடைவெளி. கம்பெனி வீல் ஹப் மேலேயே உட்கார்ந்து மையத்துக்கு வந்துவிடும். உங்கள் வீலோ ஐந்து போல்ட்டை நம்பித் தொங்குகிறது, ஒரு மயிரிழை தள்ளி இறுகினாலும் உதறும். பாலன்சிங் மெஷினில் வீல் சரியாக மையத்தில்தான் சுற்றும், அதனால் மெஷின் எப்போதும் சரி என்றே சொல்லும். 73.1க்கு 57.1 என்று கேட்டு அந்த இடைவெளியை அடைக்கிற ஹப் ரிங் நான்கு வாங்குங்கள். பிளாஸ்டிக்கும் உண்டு, நான் அலுமினியம்தான் போடுவேன்.

இதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது, இன்றைக்கே பாருங்கள். போலோவின் கம்பெனி போல்ட்டுக்குத் தலையடி உருண்டையாக இருக்கும், பந்து மாதிரி. வெளி அலாய்களில் துளை பெரும்பாலும் கூம்பாக, புனல் மாதிரி இருக்கும். கூம்புத் துளையில் உருண்டை போல்ட்டை இறுக்கினால் மெல்லிய ஒரு வட்டக்கோட்டில் மட்டும்தான் தொடும். எவ்வளவு டார்க் கொடுத்தாலும் ஓட்டத்தில் தளரும். கடைக்காரர் பழைய போல்ட்டையே போட்டுக் கொடுத்தாரா, கூம்புத் தலை போல்ட் புதிதாகக் கொடுத்தாரா? பழையதுதான் என்றால் புது போல்ட் வரும்வரை கம்பெனி வீலை மாட்டிக்கொண்டு ஓட்டுங்கள். புது போல்ட் வாங்கும்போது 14×1.5 மரை, நீளமும் சரியாக இருக்க வேண்டும், கையால் ஏழு சுற்றாவது உள்ளே போனால்தான் நம்பலாம்.

சட்டப்பக்கம் ஒரு வரி. கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் மாடலின் ஏதாவது ஒரு வேரியண்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்த அளவில் நின்றுகொண்டால் தலைவலி குறைவு. இன்சூரன்ஸ்காரருக்கு அலாய் போட்டதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: ஆக்டேவியா ஆர்எஸ் வைத்திருக்கிறேன். செட்டிபாளையம் கரி ட்ராக்கில் நண்பர்களோடு ட்ராக் டே போகப்போகிறேன். செமி ஸ்லிக் வாங்கட்டுமா? காற்று எவ்வளவு வைப்பது? (கோயம்புத்தூர்)

பதில்: முதல் தடவையா? வேண்டாம். இருக்கிற டயரிலேயே போங்கள். நல்ல ரோடு டயர் எல்லை தாண்டும்போது கீச்சென்று கத்தி முன்கூட்டியே சொல்லும், ட்ராக்குக்கென்றே கால்வாய் குறைத்துச் செய்த செமி ஸ்லிக் சொல்லாமல் விட்டுவிடும். கரியின் சுற்று சிறியது, சுமார் 2.1 கிலோமீட்டர், வளைவுமேல் வளைவு, முன்சக்கர டிரைவ் காரில் முன் டயரின் வெளித்தோள்தான் முதலில் தேயும். டயருக்குச் செலவழிப்பதற்கு முன்னால் பிரேக் ஆயிலையும் பேடையும் மாற்றுங்கள்.

காற்றுக்கு இப்படிச் செய்வேன். குளிர்ந்த டயரில் 30 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு இறங்கினால் நாலைந்து லேப்பில் சூடேறி 36, 37 என்று ஏறிவிடும். டயரின் தோளில், டிரெட் முடிந்து சைடுவால் தொடங்குகிற இடத்தில், சாக்பீஸால் மூன்று நான்கு இடத்தில் கோடு போடுங்கள். பிட்டுக்கு வந்ததும் பார்த்தால் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று தெரியும். சைடுவாலிலேயே இறங்கி அழிந்திருந்தால் டயர் மடிகிறது, காற்றைக் கொஞ்சம் ஏற்றுங்கள். தோளைத் தொடவே இல்லையென்றால் சூட்டோடு சூடாக இரண்டு பிஎஸ்ஐ இறக்குங்கள். ஐந்து ரூபாய்ச் சாக்பீஸ், எந்த மீட்டரும் இவ்வளவு நேராகச் சொல்லாது. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் காற்றைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், நான் ஒருமுறை மறந்து அவிநாசி ரோட்டில் ரப்பர் படகு ஓட்டினேன்.

அடுத்த வருடம் டயர் வாங்கும்போதும் அளவைப் பார்த்து வாங்குங்கள். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டதிலிருந்து விசித்திரமான அளவில் அலாய் போட்டவர்கள் டயருக்கு அலைகிறார்கள். அலாய் ஆர்டர் போடும் முன் இரண்டு கடைக்குப் போன் செய்து அந்த அளவில் டயர் கைவசம் இருக்கிறதா கேட்டுவிடுங்கள், ஐஎஸ்ஐ முத்திரையோடு.

கேள்வி: வணக்கம் அண்ணா. மாஸ்டா எம்எக்ஸ்-5, இப்போதைய ஷேப், 205/45 R17. இதை ஸ்னோவிலும் ஓட விருப்பம், கராஜில் பூட்டி வைக்க மனம் வரேல்லை. வின்டர் டயரை இதே ரிம்மில் மாற்றி மாற்றிப் போடலாமோ? (ஸ்கார்பரோ, கனடா)

பதில்: தாராளமாக ஓட்டுங்கள். எடை குறைந்த வண்டி, நல்ல வின்டர் டயர் போட்டால் பனியில் அவ்வளவு ஆனந்தம். ஆனால் தனி ரிம் வாங்கிவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை டயரைக் கழற்றி மாட்டினால் டயரின் விளிம்பு பழுதாகும், கூலியும் சேரும். அதோடு ரோட்டில் கொட்டுகிற உப்பு நல்ல ரிம்மைத் தின்றுவிடும். 16 இன்ச், 4×100, நடுத்துளை 54.1, ஆஃப்செட் 45 பக்கம், சாதாரண வெள்ளி நிற ரிம் எடுத்து 195/50 R16 போடுங்கள். மாஸ்டாவே கீழ் வேரியண்ட்டில் கொடுக்கிற அளவு அது. சைடுவால் உயரம் கூடுவதால் பனிக்குள் ஒளிந்திருக்கும் பள்ளத்திலும் ரிம் பிழைக்கும். உங்கள் வண்டியில் பிரெம்போ பிரேக் இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள், 16 இன்ச் அதன்மேல் இடிக்கும்.

பக்கத்தில் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ முத்திரை இருக்கிற டயராகப் பாருங்கள். மாற்றும் நாளுக்குப் பனிக்காகக் காத்திருக்க வேண்டாம், பகல் வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே நிலையாக இறங்கினால் சம்மர் டயரின் ரப்பர் கட்டையாகிவிடும். வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கும்போதெல்லாம் காற்றும் ஒரு பிஎஸ்ஐ இறங்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வின்டர் டயர் போட்டதற்கு இன்சூரன்ஸில் தள்ளுபடி கேளுங்கள், 2016இலிருந்து ஒன்டாரியோவில் அது கட்டாயம். கேட்காமல் இருந்துவிட்டுப் பிறகு புலம்பாதீர்கள்.

கேள்வி: அண்ணே, என்னிடம் காரே கிடையாது, ஸ்ப்ளெண்டர்தான். போர்ஷேவில் முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு டயர் போடுகிறார்களே, ஸ்டெப்னி எதற்கு வைப்பார்கள்? (மதுரை)

பதில்: ரெண்டுக்கும் வைப்பதில்லை! 911 கரேராவில் முன்னால் 235/40 R19, பின்னால் 295/35 R20, உயரமே வேறு. பஞ்சர் ஆனால் பசையும் காற்று பம்பும்தான். இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது, அந்த எடைக்கும் பின்சக்கரத்தில் இறங்குகிற சக்திக்கும் அங்கே அகலம் தேவை. முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஆயுளைக் கூட்டவும் முடியாது, அந்த வண்டிக்காரர்கள் அதைப்பற்றிக் கவலைப்படுவதாகவும் தெரியவில்லை. உங்கள் ஸ்ப்ளெண்டரில் முன் டயரும் பின் டயரும் ஒரே அளவா, இறங்கிப் பாருங்கள்.

கேள்வி: கடையில் புது டயர் என்று தந்தார்கள். பக்கத்தில் 1821 என்று போட்டிருக்கிறது. விலையா அது? (திருச்சி)

பதில்: பிறந்த தேதி. 2021ஆம் வருடம் 18ஆவது வாரம். நேராகத் திரும்பப் போய், பில்லைக் காட்டி, வேறு டயர் கேளுங்கள். அவர்கள் தரும் அடுத்த டயரிலும் அந்த நான்கு எண்ணைப் பார்த்துவிட்டே மாட்டச் சொல்லுங்கள்.